கைராசிக்காரர்

முப்பத்திரண்டு வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திவிட்டு, ஓய்வுபெற்ற கையோடு ஒரு பழைய டாடா 407 வாங்கினேன். இதற்கு மேல் ஒன்றும் சொல்லாவிட்டாலும் தென்காசிப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரிக்கட்டும். நானே இப்போதுதான் சிரிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

407 என்பது 1986-ல் சாலைக்கு வந்த மாடல். என்னுடையது அவ்வளவு கிழம் இல்லை; வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போய் நிற்கிற வயசு. 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டியென்றால் கருவியைச் சொருகியதும் இன்ன இடத்தில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். இதற்குக் காதும் கையும்தான். பாவூர்சத்திரம் சந்தையில் காய் ஏற்றி, தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூரில் இறக்கவேண்டும். ஓணம் நெருங்கினால் தடியங்காயும் சேனையும் முருங்கையும் அந்தப் பக்கம் எத்தனை வண்டி போனாலும் போதாது. அந்த நேரம் பார்த்துத்தான் வண்டி நிற்க ஆரம்பித்தது.

உண்மையைச் சொன்னால் முதல் கோளாறு நிஜமான கோளாறு. ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கி, இலஞ்சியில் எங்கள் வீட்டு வாசல்வரை சாரல். வண்டி திக்கித் திக்கி ஓடியது. மெக்கானிக் ஃபில்டர் கிண்ணத்தின் அடிப்போல்ட்டைத் திறந்தார்; டீசலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. தண்ணீர் கனம், அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். "மூடி வழியா சாரல் இறங்கியிருக்கு சார், மூடிய மாத்திருங்க" என்றார். இருநூறு ரூபாயில் முடிந்த வேலை.

அங்கே நான் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. டிரைவர்கள் டீசல் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என் டிரைவர் இருபது வருஷம் மலைப்பாதையில் ஓட்டியவர், ஒரு டீக்குக்கூட என்னிடம் காசு கேட்காதவர். இருந்தாலும் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று, பழைய சாமான் கடையில் பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கினேன். சாரல் ஒரு சொட்டு இறங்கக்கூடாது என்று, ஜவுளிக்கடைக் கவர் ஒன்றை இரண்டாக மடித்து டேங்க் வாயில் போர்த்தி, அதன்மேல் மூடியைத் திருகிப் பூட்டினேன். சாவி என் அரைஞாணில். டீசல் அடிப்பதும் நான்தான், கவரை எடுத்து மறுபடி போர்த்துவதும் நான்தான். வேறு யாரும் அந்தக் கவரைப் பார்த்ததில்லை.

கூடவே ஒரு மூங்கில் குச்சி. அதில் பிளேடால் ஐந்து லிட்டருக்கு ஒரு கோடு கீறியிருந்தேன்.

அதன் பிறகு வண்டி புளியரை தாண்டி, கோட்டைவாசலுக்கு ஏறுகிற எஸ் வளைவில் நிற்கப் பழகிக்கொண்டது. போன் வரும். "நின்னுட்டு சார். டீசல் ஏறமாட்டேங்கு." நான் மெக்கானிக்கைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மொபெட்டில் போவேன். போய்ச் சேர்ந்ததும் முதல் காரியமாகச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து குச்சியை உள்ளே விடுவேன். அளவு சரியாக இருக்கும். எல்லா நாளும் சரியாகவே இருந்தது. டிரைவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "குச்சி என்ன சொல்லுது சார்?" என்பார். அதற்குள் மெக்கானிக் கையில் ஸ்பானருடன் எதையாவது கழற்றியிருப்பார். மாட்டுவார். ஃபீடு பம்பின் கைப்பிடியைத் திருகி, இழுத்து இழுத்து அடித்து, ஃபில்டர் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தினால் நுரை நுரையாக வரும், பிறகு நுரையில்லாத டீசல் வரும், இறுக்குவார். ஸ்டார்ட் அடித்தால் வண்டி கிளம்பிவிடும்.

எதைக் கழற்றி மாட்டினோமோ அதுதான் கோளாறு என்று எழுதி வைத்துக்கொள்வேன். எழுதியே வைத்தேன், ஆய்வக நோட்டு மாதிரி. முதல் தடவை இரண்டு ஃபில்டரும் மாற்றினோம். அடுத்து செம்பு வாஷர்கள். எங்கோ காற்று உறிஞ்சுகிறது என்று. பிறகு ரப்பர் ஹோஸ். பிறகு ஃபீடு பம்ப். ஒவ்வொன்றும் குணமாக்கியது, இரண்டு நாளைக்கு. கடைசியில் பெரிய பம்பையே இறக்கிவிட்டேன். அதைச் செய்கிற, 1951-ல் தொடங்கிய கம்பெனி 2008-லேயே மைக்கோ என்ற பெயரை விட்டு பாஷ் ஆகிவிட்டது. நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் அது மைக்கோ பம்ப்தான். ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1927-ல் இந்த வகைப் பம்பை வரிசையாகச் செய்யத் தொடங்கியதால்தான் டீசல் எஞ்சின் லாரிக்குள் வசதியாக உட்கார முடிந்தது என்று பட்டறையில் ஒரு சொற்பொழிவே நடத்தினேன். பம்புக்காரர் கேட்டுக்கொண்டே கழற்றிப் பார்த்துவிட்டு, "பம்ப் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். நான்தான் வற்புறுத்தி நான்கு நாசிலையும் மாற்றவைத்தேன்.

இதற்குள் என் பெயர் கைராசிக்காரர். நான் வந்தால் வண்டி கிளம்பும். கோட்டைவாசல் டீக்கடையில் கிளீனர் பையன் இதை நாலு பேரிடம் சொல்ல, நான் அடக்கமாகச் சிரித்தேன்.

தடயங்கள் இல்லாமல் இல்லை. ஒருநாள் டிரைவர் சொன்னார்: "கைப்பம்ப இழுத்தா, அது திரும்ப உள்ள இழுக்கு சார்." புது பம்ப் அப்படித்தான் இறுக்கமாக இருக்கும் என்றேன். பூட்டைத் திறக்கும்போதெல்லாம் 'உஸ்' என்று ஒரு சத்தம். கிளீனர் கேட்டான். டீசல் கேஸ் வெளியேறுகிறது என்று விளக்கினேன். வெளியேறவில்லை, உள்ளே போனது. கை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. டேங்க் நிறைய அடித்த நாளில்தான் வண்டி நின்றது. பாதி டேங்கில் புனலூர் போய் வந்தது. இதை நானே கண்டுபிடித்து, நானே முடிவுக்கு வந்தேன்: பங்க்கில் டீசல் சரியில்லை, நிறைய அடித்தால் நிறையக் கலப்படம். பங்க்கை மாற்றினேன். பழைய பங்க்கைப் பற்றி இலஞ்சியில் இரண்டு தெருவுக்குச் சொல்லியும் வைத்தேன். அந்த உரிமையாளரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆடி அமாவாசை அன்று நான் குற்றாலம் பேரருவியில் குளித்துவிட்டு, தர்ப்பணத்துக்கு ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். போன். எஸ் வளைவு. நான் வர ரெண்டு மணி நேரமாகும் என்றேன். "காய் வாடிரும் சார்" என்றார் டிரைவர். பிறகு போன் எடுக்கவில்லை. முடித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது வளைவில் வண்டி இல்லை. மேலே டீக்கடைக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். பூட்டு உடைந்த மூடி ஒன்று, ஜவுளிக்கடைக் கவர் ஒன்று. கவரின் நடுவில், டேங்க் வாய் அளவுக்கு, கிண்ணம் போலக் குழி விழுந்திருந்தது. உள்ளே இழுத்து இழுத்து பாலிதீன் அப்படியே நீண்டுபோயிருந்தது.

"கல்ல வச்சு மூடிய ஒடச்சாரு, உஸ்ஸுன்னு ஒரு சத்தம், வண்டி போயிட்டு" என்றார் டீக்கடைக்காரர்.

அந்தக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு டீ குடித்தேன். டேங்க் 60 லிட்டர். நான் கழுத்துவரை அடித்தால் மேலே மூன்று லிட்டர் அளவுக்குத்தான் காற்று. எஞ்சின் மூன்று லிட்டர் குடித்துவிட்டால் அதே காற்று ஆறு லிட்டர் இடத்தில் பரவவேண்டும்; கணக்குப்படி அழுத்தம் பாதி. ஏற்றத்தில் எஞ்சின் நிறையக் கேட்கிற நேரத்தில் ஃபீடு பம்பால் அதை எதிர்த்து இழுக்க முடியாது. பாதி டேங்க் என்றால் முப்பது லிட்டர் காற்று. மூன்று லிட்டர் குறைந்தால் அதற்கு உறைக்காது. மூடியில் ஊசித்துளை அளவுக்கு வழி இருந்தால் போதும், இது எதுவுமே நடக்காது. ராபர்ட் பாயில் 1662-ல் அச்சிட்ட விதி. முப்பத்திரண்டு வருஷம், ஒவ்வொரு வருஷமும், இரண்டு பீரியட். ஐந்து மதிப்பெண் கேள்வி.

ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி திரும்பியது. டேங்க் வாயில் பழைய துணி சுற்றியிருந்தது. டிரைவர் வாடகைப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "பூட்ட ஒடச்சிட்டேன் சார், சம்பளத்துல பிடிச்சுக்கிடுங்க" என்றார். நான் பிடிக்கவில்லை. குச்சியை அன்றே அடுப்பில் வைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறுநாள் காலையிலும் ஒருமுறை விட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

இப்போது துளையுள்ள சாதாரண மூடி. பூட்டு கிடையாது. வண்டி புனலூருக்கு நிற்காமல் போய் வருகிறது. வீட்டுத் திண்ணையில் ஒரு சாக்கில் 407-க்குரிய ஃபீடு பம்ப் ஒன்று, ஃபில்டர் இரண்டு, நாசில் நான்கு, ஹோஸ் ஒரு செட் கிடக்கின்றன. எதிலும் எந்தக் கோளாறும் இல்லை. இதற்கு நானே உத்தரவாதம். வேண்டுவோர் இலஞ்சிக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். சாவி ஒன்றும் இருக்கிறது. பூட்டுதான் இல்லை.