மும்பைத் தமிழ் இல்லங்களில் ஃப்ரிட்ஜ் கரண்ட் சிக்கன மரபு: ஓர் அறிமுகத்துக்கான முன்னுரை

மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் வாய்மொழியாக வழங்கிவரும் ஃப்ரிட்ஜ் சிக்கனக் குறிப்புகளைத் தொகுத்தும் வகுத்தும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: சமையலறை. கால எல்லை: பில் வந்த நாள் முதல் அதைக் கட்டும் நாள் வரை. முதலிரு வட்டாரங்களுக்கு, பஸ் ஓட்டுகிற பெஸ்ட்டே கரண்டும் தருகிறது; செம்பூரில் அதானியும் டாடாவும். ஆகவே ஒப்பியல் நோக்குக்கு இடமுண்டு. ஒப்பியல் இல்லாத கட்டுரைக்குக் கருத்தரங்கில் மதியச் சாப்பாடு கிடைக்கும், பயணப்படி கிடைக்காது.

முன்னோர் ஆய்வு

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2006 முதல் ஸ்டார் ஒட்டிவருகிறது. ஸ்டாருக்குக் கீழே, ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் கதவை மூடியே வைத்து அளந்த எண் அது. மூடியே இருக்கும் ஃப்ரிட்ஜைக் கடையில் மட்டுமே காண முடியும் என்பது கள ஆய்வு (தகவலாளர்: பள்ளி விட்டு வந்த பையன்).

வகைப்பாடு

குறிப்புகள் ஐவகைப்படும்.

ஒன்று, பனி நீக்கல். ஃப்ரீசரில் ஏறும் பனி போர்வைபோல் மூடிக்கொள்ள, கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். அவ்வப்போது உருக்கிவிட வேண்டும். முற்றிலும் உண்மை, ஆதலால் ஆய்வுக்கு உதவாது.

இரண்டு, இராவணைப்பு. படுக்கும்போது ஸ்விட்சை அணைத்து, எழுந்ததும் போடுவது. இரவெல்லாம் உள்ளே ஏறிய சூட்டைக் காலையில் கம்ப்ரஸர் சேர்த்து இறைக்கும். மிச்சம் சொற்பம், பால் திரிந்தால் அதுவும் போச்சு.

மூன்று, இடைவெளி விடல். புதிய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அதனால்தான் பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது. சுற்றிலும் நாலு விரற்கடை இடம் விட வேண்டும் என்பது மாட்டுங்கா கொள்கை. அவ்வளவு இடம் இருந்தால் ஊரிலிருந்து வந்த மச்சானைப் படுக்கவைப்போம் என்பது தாராவி மறுப்பு.

நான்கு, பாட்டில் நிரப்பல். இதில் பாடபேதம் உண்டு. “நிரப்பி வை” என்பது செம்பூர்ப் பாடம். “காலியாக வை” என்பது மாட்டுங்காப் பாடம். குளிர்ந்த தண்ணீர் கதவு திறக்கும்போது குளிரைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் அதை முதலில் குளிர வைக்கவும் கரண்ட் வேண்டும். இரண்டும் பாதி சரி என்பதால் சண்டை ஓயாது.

ஐந்து, இரவல் மாவு விலக்கல். இதுவே மரபின் உச்சம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டார் தம் இட்லி மாவை அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது வழக்கம். “அவா மாவாலதான் என் பில் ஏறறது” (மூன்றாம் மாடி மாமி, வாய்மொழி). அந்த மாவு இரண்டு கிலோ. வெளியே 32 டிகிரி, உள்ளே 5. தண்ணீராகவே பாவித்தாலும் வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 0.06 யூனிட்தான். கம்ப்ரஸர் அதற்குச் செலவிடும் கரண்ட் ஏறத்தாழ அதில் பாதி. யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் முப்பது, நாற்பது காசு.

மாவு பொங்கும்போது சூடு கிளம்புமே என்பது ஒரு சாரார் தடை. குளிரில் பொங்கலே அடங்கிவிடுவதால் அத்தடை நில்லாது. “மாவு சும்மா இருக்கு, அதை எடுக்க வரவா பேச்சுதான் நிக்காது” (மேற்படி மாமி, மாடிப்படிப் பதிப்பு, கீழ்வீட்டார் காதில் விழாதவாறு). பேச்சு முடியும்வரை ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே கிடக்கும் என்பதால் இதில் அறிவியல் உண்டு. ஆடி மாத மும்பைக் காற்று திறந்த கதவு வழியே நுழைந்தால், அதன் ஈரம் உள்ளே நீராகும்போது விடும் சூட்டையும் கம்ப்ரஸரே இறைக்க வேண்டும். மாமியின் எதிர்ப்பு மீட்டர் எடுக்கும் நாள் நெருங்கையில் வலுப்பதும் கவனத்துக்குரியது. 300 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய 300க்கும் ரேட் ஏறிவிடும் என்பது மாமியின் கோட்பாடு. உண்மையில் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமே அடுத்த ரேட். “பாவம், சின்னத் தூக்குதானே, இருந்துட்டுப் போறது” (மேற்படி மாமி, திருத்திய மூன்றாம் பதிப்பு, கீழ்வீட்டிலிருந்து அதிரசம் வந்தபின் வெளியானது, முன்னிரு பதிப்புகளையும் மாமி தமதல்ல என்கிறார்). அவை இடைச்செருகலாகலாம்.

இத்தனை வாதத்திலும் மீட்டரைப் போய்ப் பார்த்தவர் எவருமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மூலத்தைத் திறக்காமல் மேற்கோளுக்கு மேற்கோள் காட்டியே முனைவரானவர்கள் உள்ள நாட்டில், இது நெறி பிறழ்ந்ததன்று.

முடிபு

பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்க வேண்டும். எளிதில் உருவிக்கொண்டு வந்தால் கேஸ்கெட் போய்விட்டது. குளிர் இரவு பகலாகக் கசிகிறது. மாற்றினால் கரண்ட் மிச்சமாகும். ஆனால் மெக்கானிக்குக்குக் காசு கொடுக்க வேண்டும். இக்குறிப்பு மட்டும் மூன்று வட்டார மரபிலும் காணப்படாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாமி வீட்டில் நோட்டு இழுக்காமலே கீழே விழுந்தது. மாமி அதை எடுத்து அஞ்சறைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். இவ்வாய்வின் மொத்தச் செலவு அதுவே. நிதி நல்கை கோரி விண்ணப்பம் போயிருக்கிறது.