கட்டைவிரல் ஆடினால் சரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எலெக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் எனக்கு. எந்தக் கேபிள் எந்தப் பேனலுக்குப் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் உடம்புக்குள்ளேயே ஒரு லைன் கெட்டுப்போனது. மூத்திரப்பையில் கால் டம்ளர் சேர்வதற்குள் மூளைக்கு ‘டேங்க் ஃபுல்’ என்று சிக்னல். மாத்திரை போட்டேன், வாய் வறண்டது. வாய் வறண்டால் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால்? அதேதான்.

எங்கள் ஊரிலிருந்து சென்ட்ரலுக்குக் கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று பக்தர்கள் திவ்யதேசம் எண்ணுவதுபோல ஸ்டேஷன் எண்ணிக்கொண்டே போவேன். எந்த ஸ்டேஷனில் கழிப்பறை எந்தக் கோடியில், பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்பது வரை அத்துப்படி. மச்சான் மகள் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு இடத்தில் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். “மாமா மொய்க்குப் பயந்து லேட்டா வர்றாரு” என்று பேச்சு. காரணத்தைச் சபையில் சொல்ல முடியுமா?

திருவள்ளூர் வைத்திய வீரராகவரிடமும் போனோம். என் மனைவி குளத்தில் வெல்லம் கரைத்தாள். அமாவாசைக் கூட்டம். சன்னதி கண்ணில் படும் தூரத்தில் நான் வரிசையை விட்டு ஓடினேன். திரும்பி வந்து மறுபடி வால்பக்கத்தில் நின்று உள்ளே போனால், பெருமாள் சயனக் கோலத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். சாமியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைசியில் டாக்டர் மூன்று நாள் கணக்கு எழுதச் சொன்னார். எத்தனை முறை, எத்தனை மில்லி. அளக்க ஏதாவது வேண்டுமே என்று பரணிலிருந்த பழைய பிளாஸ்டிக் ஜாடியை எடுத்தேன். அது பொங்கலுக்குப் பாயசத்துக்குப் பால் அளக்கும் ஜாடி என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இன்றுவரை எங்கள் வீட்டில் பாயசம் கிடையாது.

வைத்தியம் இதுதான்: முதுகின் அடியில், எலும்பின் மூன்றாவது துவாரத்து நரம்போரம் மெல்லிய ஒயர் ஒன்றை நுழைக்கிறார்கள். அதற்குக் கரன்ட் கொடுக்கும் பேட்டரிப் பெட்டியைக் கொஞ்ச நாள் இடுப்புக்கு வெளியே கட்டி டிரையல். தொல்லை பாதிக்குப் பாதி குறைந்தால் பெட்டியைப் பிட்டத்தின் மேல்பக்கம் தோலுக்கடியில் புதைத்துவிடுவார்கள். சான்பிரான்சிஸ்கோவில் டனாகோ, ஷ்மிட் என்ற இருவர் ஆரம்பித்த வேலை. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நான் சிப்காட்டில் சேர்ந்ததும் அதே வருஷம். அதுவும் நானும் ஒரே பேட்ச்.

ஒயர் சரியான நரம்பில்தான் இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? என்னைக் குப்புறப் போட்டு, கரன்ட் விட்டு, கால் கட்டைவிரலைக் கவனித்தார்கள். கட்டைவிரல் மட்டும் மடங்கினால் சரி. பாதமே திரும்பினால் பக்கத்து லைன். நாங்கள் டெஸ்டர் வைத்துப் பார்ப்போம், இவர்கள் கட்டைவிரல் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த நிலைமையிலும், “எர்த்திங் எங்க சார்?” என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

இப்போது உள்ளே லேசாக ஒரு குறுகுறுப்பு, பின்பாக்கெட்டில் செல்போன் அதிர்வதுபோல. முதல் மாதம் முழுக்கப் பின்னால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துக்க வீட்டில், மாலை போடக் குனிந்தவன் பின்னால் தட்டிக்கொண்டு “ஹலோ” என்றே சொல்லிவிட்டேன்.

இண்டக்‌ஷன் ஃபர்னஸ், ஆர்க் வெல்டிங் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இப்போது ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணுகிறேன். “அண்ணே, பேட்டரிக்கு வாரன்டி எத்தனை வருஷம்?” என்று பசங்கள் கேட்கிறார்கள். விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் முன்னால், உடம்பில் பெட்டி இருக்கிறது என்று சொல்லும் அட்டையைக் காட்டினேன். “எங்கே இருக்கு?” என்றார் காவலர். “பின்பாக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே சார். உள்ளே.” வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் பின்பாக்கெட்டைப் பார்த்தார்கள்.

போன வாரம் கும்மிடிப்பூண்டியில் ஏறியவன் சென்ட்ரல் வரை எங்கும் இறங்கவில்லை. இறங்கியதும் பழக்கதோஷம், கட்டணக் கழிப்பறைக்கு ஓடிப்போய் காசு கொடுத்து வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோதுதான் எனக்கு வரவேயில்லை என்று தெரிந்தது. கொடுத்த காசுக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.