கட்டை வைத்தால் வண்டி உயருமா?

காப்பித் தோட்டக்காரர், செம்மநத்தம், ஏற்காடு.

கே: தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பின்பக்கம் தொங்குகிறது. கமான் பட்டைக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கலாமா?

ப: தாராளமாகக் கொடுங்கள், இன்னும் நன்றாகத் தொங்கும்! கட்டை வைத்து உயர்த்த இது லாரி அல்ல, ஹெரால்டு. மதராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-இல் இறக்கிய இந்த வண்டியில் ஒரே பட்டைக்கட்டு, குறுக்குவாட்டில், டிஃபரன்ஷியலின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கட்டை வைத்தால் பட்டையின் இரு முனைகளும் சக்கரங்களோடு மேலேறும். பாடி கீழே இறங்கும். இதன் பங்காளியான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்த நினைப்பவர்கள் செய்வதே இதுதான்.

உயர்த்த வேண்டுமானால் சேலத்தில் லாரிக்குப் பட்டை அடிப்பவரிடம் போய், பழைய வளைவுக்கு மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்குமேல் ஆசை வேண்டாம். பின்பக்கம் எழும்பினால் சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே மடங்கும். கொண்டை ஊசி வளைவில் பதறி பிரேக் அடித்தால் இன்னும் மடங்கி, பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க 20 வளைவுகள்!

பட்டை முனை போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே இறுக்குங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் டேப்பை எடுக்காதீர்கள்; முன்னும் பின்னும் உருட்டிய பிறகு உயரத்தை அளந்து பாருங்கள். சற்றுத் தொங்கினால் அழகுதான் குறையும். தூக்கி நின்றால் ஆயுள் குறையும்.