குழந்தைகள் விருப்பம்

பிடித்த பாட்டு எது என்று நாலு பேர் முன்னால் கேட்டால், கொஞ்சமும் கூசாமல் காம்போதி ராகக் கீர்த்தனை என்பேன். உண்மையில் எனக்குப் பிடித்தது 'அப்படிப் போடு'. 'கில்லி' படத்துக் குத்துப்பாட்டு, 2004.

காம்போதிக்கு என் கை தொடையில் ஒழுங்காகத் தாளம் போடும். இதற்கு எந்த உறுப்பு எங்கே போகிறதென்று எனக்கே தெரியாது. பக்கத்து நாற்காலி மாமா "என்ன ராகம்?" என்று கேட்டுவிடுவாரோ என்ற சபா பயமும் கிடையாது. பாதிச் சுகம் அதில்தான்.

ஒருநாள் மாமனாரைக் காரில் ஏற்றினேன். ப்ளூடூத் தானாக இணைந்து, முந்தின நாள் நான் நிறுத்திய இடத்திலிருந்து முழுச் சத்தத்தில் ஆரம்பித்தது.

"பையன் போட்டது, மாமா."

பையன் பெங்களூரில் இருப்பது அவருக்கும் தெரியும். "பரவால்ல மாப்ளே, முழுசா ஓடட்டும்" என்றார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கேகேயோடு சேர்ந்து அதைப் பாடிய அனுராதா ஸ்ரீராம் கர்நாடக சங்கீதம் கற்றவர், அமெரிக்காவில் இசையியல் முதுகலை முடித்தவர். இசையமைத்த வித்யாசாகர் அதே 2004-இல் 'ஸ்வராபிஷேகம்' என்ற தெலுங்குப் படத்துக்கும் இசையமைத்து தேசிய விருது வாங்கினார். ஒரே மனுஷர், அதற்கு டெல்லியில் பதக்கம், இதற்குத் தியேட்டரில் விசில். விசிலுக்குச் சான்றிதழ் தரமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் சினிமாப் பாட்டு மொத்தமுமே இப்படித் திண்ணையில்தான் கிடந்தது. 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் திருந்தவில்லை, ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதியைத் தொடங்கி அரசே இறங்கி வந்தது. அன்றைக்கு மட்டம் என்று தள்ளிய பாட்டுகளைத்தான் இன்று காலத்தால் அழியாதவை என்று கண்மூடி ரசிக்கிறோம். குத்துப்பாட்டுக்கும் ஐம்பது வருஷம் கொடுங்கள், துணைவேந்தர் தலைமையில் கருத்தரங்கம் நடக்கும்.

அதுவரை கல்யாண வரவேற்புக் கச்சேரிகள்தான் கதி. மேடைக்குப் போகும் துண்டுச்சீட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? இளையராஜா மெலடி கேட்பவர் பெயர், ஊர், மாப்பிள்ளைக்கு என்ன உறவு என்பதுவரை எழுதுவார். குத்துப்பாட்டு கேட்பவர் மட்டும் "குழந்தைகள் விருப்பம்" என்று எழுதிவிட்டுப் பந்திப் பக்கம் நழுவிவிடுவார். பாட்டு ஆரம்பித்தால் முன்னால் வந்து ஆடுகிற குழந்தைகளில் பாதிக்குத் தலை நரைத்திருக்கும்.

அடுத்த கல்யாணத்திலாவது சொந்தப் பெயரில் கேளுங்கள் ஐயா. ஒருவர் ஆரம்பித்தால் எனக்கும் தைரியம் வரும்.