மறுக்காமல் மறுக்கும் மேசன்மார்

இலங்கையில் போரால் வீடிழந்தோருக்கான இந்திய வீட்டுத்திட்டத்தில் பயனாளியே தன் வீட்டைக் கட்டுவிக்கும் கட்டம் 2012 இல் தொடங்கி, வீடொன்றுக்கு 550,000 ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டபோது, வன்னியில் மேசன்மார் தேடிப் பிடிக்கவேண்டிய மனிதராயினர். ஆளைப் பார்த்து வேலை எடுக்கும் உரிமையும் அவர்கள் கைக்கு வந்தது. அத்தொகைக்குள் போட்டிகோவும் கேட்பவர், அத்திவாரம் வெட்டிய பின் மனையடி சாத்திரம் பார்ப்பவர், கூலியை அடுத்த தவணைக்குத் தள்ளுபவர் ஆகியோர் தவிர்க்கப்படவேண்டிய வகையினராக இருந்தனர். ஆயினும், இன்று திருப்பி அனுப்பப்படுபவர் நாளை சம்பந்தியாகிவிடக்கூடிய ஊரில் ‘முடியாது’ என்று சொல்வது அறிவுடைமையன்று என்பதால், மறுப்பு படிப்படியாகவே நிகழ்கிறது. முதற்படி ‘பாப்பம்’ என்பது. இது பரிசீலனையின் தோற்றத்தில் அமைந்த நிராகரிப்பாகும். அடுத்தது கொந்தராத்து, அதாவது முழு வேலைக்குமான மொத்தக் கூலியை, கேட்டவர் தாமாகவே எழுந்து போகும் அளவுக்கு உயர்த்திச் சொல்வது. மூன்றாவது, கைத்தொலைபேசியை அணைத்துவிடுவது. இவையனைத்தையும் கடந்து விடியற்காலையில் முற்றத்தில் வந்து நிற்பவருக்கு வேலை செய்து கொடுப்பதைத் தவிர வழியில்லை. அவருடைய சுவர் சற்றே கோணலாக எழுமாயின், அதனை நான்காம் படியாகக் கொள்வதே பொருத்தம்.