பாட்டும் பின்னணியும்: சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆய்வு மடல்

ஈசூன், சிங்கப்பூர்
கார்த்திகை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தமிழ்த் திரைப்பாடலுக்குத் தனித் தலைப்பு இருப்பதில்லை என்பதும், பல்லவி எனப்படும் தொடக்க அடியின் முதற்சில சொற்களே அதற்குப் பெயராக வழங்குகின்றன என்பதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் வீடுகளுக்குள் அந்தப் பெயரும் செல்லுபடியாவதில்லை. அங்கே ஒரு பாட்டு ‘பால் பொங்கி வழிந்த பாட்டு’ என்றும், இன்னொன்று ‘சித்தப்பா சைக்கிளிலிருந்து விழுந்த பாட்டு’ என்றும், எழுதிய கவிஞரோ மெட்டமைத்தவரோ கனவிலும் கருதாத பெயர்களால் சுட்டப்படுவதும், சுட்டிய அளவிலேயே குடும்பத்தார் அனைவருக்கும் அது எந்தப் பாட்டு என்று விளங்கிவிடுவதும் ஆராயத்தக்கன. இம்மடல் அவ்வாராய்ச்சியின் முதற்பகுதியாகும். இரண்டாம் பகுதி தபால் செலவைப் பொறுத்தது.

மடலின் நடை குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. சென்ற மடலில் தன்மை ஒருமை, அதாவது பேசுபவன் தன்னையே சுட்டிக்கொள்ளும் இலக்கண இடம், 41 முறை வந்திருப்பதாகவும், ஊர் நலம் விசாரிக்கும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாகவும் வேடந்தாங்கலில் வாழும் தமக்கையார் எண்ணிக் கணக்கெடுத்துத் தெரிவித்திருந்தமையால், இம்முறை அவ்விடம் முற்றிலும் விலக்கப்பட்டு, எழுதுபவன் ‘இம்மடலாசிரியன்’ என்றே குறிக்கப்படுகிறான். பாட்டைப் பற்றி எழுதும்போது இவ்விரதத்தைக் காப்பது, ஏகாதசியன்று பலகாரக் கடையில் வேலை பார்ப்பதற்கு ஒப்பானது என்பதை மட்டும் தமக்கையார் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஒருவரின் பாட்டு நினைவை அறிய வேண்டுமானால் அவர் எந்த ஓசைகளுக்கு நடுவே அப்பாட்டைக் கேட்டார் என்பதை முதலில் அறிய வேண்டும். வேடந்தாங்கலில் பிறந்தவருக்கு அவ்வோசை ஏரியிலிருந்து வருகிறது. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரியின் நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் ஐப்பசி, கார்த்திகை தொடங்கிக் கூடுகட்டும் பறவைகளுள் சங்கீத ஞானம் உடையது என்று ஒன்றைக்கூடச் சொல்ல இயலாது. நத்தைகுத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் வளர்ந்தபின் ஏறக்குறைய ஊமைகள். மேலலகையும் கீழலகையும் மோதிக் கடகடவென்று ஒலியெழுப்புவதே அவற்றின் பேச்சு. வக்கா என்னும் இராக்கொக்கு தன் பெயரையே கரகரப்பாகச் சொல்லிக்கொண்டு இருட்டில் பறக்கும். கூழைக்கடாவின் குஞ்சுகளோ பசியெடுத்தால் பஞ்சாயத்துக் கூட்டத்தைத் தோற்கடிக்கும். இக்கச்சேரிக்கு ஊரார் காட்டிய பொறுமை, வரலாற்றில் பதிவான பொறுமையாகும்: பறவைகளைச் சுட்ட படைவீரர்கள்மீது அவர்கள் முறையிட்டதும், 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுல், அதாவது உறுதிப்பத்திரம், வழியாக அவர்களுக்கு அளித்ததும், 1858இல் அது மீண்டும் உறுதிசெய்யப்பட்டதும் சங்கீத ரசனையால் அல்ல, எச்சம் கரைந்த ஏரிநீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்னும் கணக்கினால். (மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதையில் வரும் துரையும் இதே பிளேஸ்தான்; ஏரிக்கரைகளில் மாட்டிக்கொள்வதே அவருடைய விதி போலும்.)

அவ்வூரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்பது நாடறிந்த செய்தி. பறவை வந்திருக்கும் மாதங்களில் இம்மடலாசிரியனின் தாயார் வீட்டு வானொலியின் ஒலியையும் குறைத்து வைத்தார் என்பது நாடறியாத செய்தி. ‘குஞ்சு பொரிச்சிருக்கு, மெதுவா வை’ என்ற ஆணைக்கு அஞ்சி, பிள்ளைகள் இருவரும் பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டனர். இடது காது தமக்கையாருக்கு, வலது காது தம்பிக்கு என்ற பங்கீடு நெடுநாள் நிலைத்தது. பெட்டியில் வந்ததோ பெரும்பாலும் இலங்கை வானொலி. மத்திய அலை என்னும் அலைவரிசை மண்ணைவிடக் கடல்நீரின்மீது தளர்வின்றி நெடுந்தொலைவு செல்லக்கூடியது. ஆதலால் கொழும்பிலிருந்து புறப்பட்ட குரல் மாமல்லபுரக் கடற்கரையில் ஏறி, உள்நாட்டில் உள்ள ஏரிக்கரை வரை தெளிவாகவே வந்தது. அறிவிப்பாளர்களுள் மயில்வாகனனாரின் பரிவும், கே.எஸ்.ராஜாவின் மூச்சுவிடாத வேகமும், பி.எச்.அப்துல் ஹமீதின் திருத்தமான உச்சரிப்பும் அவ்வீட்டில் உறவினர் குரல்களாகக் கருதப்பட்டன. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி முடிவதற்குள் தலைபின்னி முடிக்க வேண்டும் என்பது தமக்கையாரின் கால அட்டவணை. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டை உடனே பாடவேண்டிய ‘பாட்டுக்குப் பாட்டு’ப் போட்டியைப் பிள்ளைகள் ஏரிக்கரையிலும் நடத்தினர்; அதில் நடுவரும் போட்டியாளரும் பரிசு பெறுபவரும் தமக்கையார் ஒருவரே என்ற முறைகேடு இன்றுவரை விசாரிக்கப்படவில்லை. பி.சுசீலா 17,695 பாடல்களைப் பாடியதாகக் கின்னஸ் நூல் 2016இல் ஏற்றுக்கொண்டது. அவற்றையெல்லாம் சமையற்கட்டில் திரும்பப் பாடிய தமக்கையாருக்கு எந்த நூலிலும் இடம் தரப்படாததும் இங்கே பதிவு செய்யத்தக்கது.

குறைந்த ஒலியும் மிகுந்த பறவைக் கூச்சலும் சேர்ந்ததன் விளைவு ஒன்று உண்டு. ‘பாசமலர்’ (1961) படத்தில் அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தைகளைத் தாலாட்டுவதாக, கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில், டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய பாட்டில், சரணத்தின் இரண்டு சொற்கள் இம்மடலாசிரியனின் செவியை ஒருபோதும் அடைந்ததில்லை. சரணம் என்பது பல்லவிக்குப் பின் வரும் விரிவான பகுதி. பெட்டியில் அது வரும் நேரமும் குஞ்சுகளுக்கு இரை வரும் நேரமும் எப்படியோ ஒத்துப்போயின. விடுபட்ட இடத்தில் ஏதேனும் ஒரு சொல் இருந்தாக வேண்டுமே என்று எட்டு வயதுப் பிள்ளை தானே ஒரு சொல்லை இட்டு நிரப்பிக்கொண்டது. ஓசைக்கும் அளவுக்கும் பொருந்திய அச்சொல் ‘கூழைக்கடா’ என்பதாகும்.

இப்பிழை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எவருக்கும் தீங்கின்றி உறங்கியது. பாடகரின் குரலை நீக்கி இசையை மட்டும் ஓடவிட்டு, திரையில் நகரும் சொற்களைப் பார்த்து எவரும் பாடிவிடலாம் என்ற துணிச்சலைத் தருவதாகிய கராவோக்கே என்னும் ஜப்பானிய ஏற்பாடு, இம்மடலாசிரியன் பணிபுரியும் நிறுவனத்தின் ஆண்டு விருந்தில் இடம்பெற்றபோதுதான் அது விழித்துக்கொண்டது. தாலாட்டைக் கண்மூடிப் பாடுவதே மரபு என்று கருதிய இம்மடலாசிரியன் திரையைப் பார்க்கவில்லை. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, ‘அண்ணே, பாசமலர்ல பெலிக்கன் எங்கேருந்துண்ணே வந்துச்சு?’ என்று கேட்டார். திரையில் கண்ட உண்மையான சொற்கள் அழகியவை, பொருத்தமானவை, கண்ணதாசனுக்கு உரியவை; ஆனால் அன்றிரவு உறக்கம் வராததற்கு வெட்கம் பாதியளவே காரணம். சொந்த வீட்டுத் திண்ணையை யாரோ இடித்துவிட்டு நல்ல சிமெண்டில் கட்டிக்கொடுத்தது போன்ற ஒரு குறையே மீதிப் பாதி. (அண்ணன்–தங்கைக்கு இத்தனை பாட்டு இயற்றிய திரையுலகம் அக்கா–தம்பி உறவைக் கைகழுவிய வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.)

இன்னொரு சான்று தமக்கையாரின் திருமணம். பறவைகள் பெரும்பாலும் போய்விட்ட 1986 வைகாசியில் நடந்தமையால், ஊர் வழக்கில் ‘குழாய்’ எனப்படும் கூம்பு ஒலிபெருக்கியைப் புளியமரத்தில் கட்டத் தடையிருக்கவில்லை. முந்தைய ஆண்டு வெளிவந்திருந்த ‘முதல் மரியாதை’யின் இசைத்தட்டு ஒன்றையே மைக் செட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சுழலவிட்டார்; முதுமையில் வந்த, சொல்லவும் மெல்லவும் முடியாத ஓர் அன்பைப் பற்றிய படம் அது என்பதும், தாலிகட்டும் வீட்டுக்கு அது பொருந்துமா என்பதும் அவருக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. இளையராஜாவின் இசைக்கும் வைரமுத்துவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த சொற்களுக்கும் உலகம் கண்ணீர் விடும்போது, இம்மடலாசிரியனுக்கு மட்டும் வாழையிலையில் பாயசம் ஓடுகிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று பந்திக்குப் பரிமாறிய கை வலிக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்திலிருந்து வந்த மாப்பிள்ளை, அதாவது இன்றைய மாமா, கல்லில் உளி விழும் வேகத்திலேயே பாயசத் தம்ளரில் தாளம் போட்டார். எந்தப் பாட்டானாலும் அவருக்கு அந்த ஒரே தாளம் என்பது பின்னரே தெரியவந்தது.

இம்மடலாசிரியன் சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஆண்டு 1992. சூயிங்கத்திற்கு இந்நாடு தடை விதித்த ஆண்டும், ஏ.ஆர்.ரகுமான் ‘ரோஜா’வின் மூலம் அறிமுகமான ஆண்டும் அதுவே. தமக்கையார் மூட்டையில் வைத்த ‘ரோஜா’ ஒலிநாடா புளிக்காய்ச்சல் எண்ணெயில் ஊறியமையால், நாடா சிக்கும்போதெல்லாம் பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துச் சுற்றவேண்டியிருந்தது. அவ்வாறு சுற்றும் அறையில் வெந்தயமும் மணக்கும். காஷ்மீரத்துப் பனியைக் காட்டும் பாட்டுக்குப் புளியோதரை வாசனை உண்டு என்று ரகுமானிடம் சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்பது கற்பனைக்குரியது.

இந்நாட்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஒலி 96.8 பண்பலை நாள் முழுதும் தமிழில் ஒலிக்கிறது. கைபேசியில் எந்தப் பாட்டும் கேட்ட நொடியில் வருகிறது. இரைச்சல் இல்லை, கீறல் இல்லை, அலை விலகுவதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. தூய்மையாக வரும் அப்பாட்டில் வக்கா கத்துவதில்லை. தாயாரின் ‘மெதுவா வை’ இல்லை. காதோடு காது உரசுவதில்லை. ஊரில் லிஃப்ட் எனவும் இங்கே அறிவிப்புப் பலகைகளில் மின்தூக்கி எனவும் வழங்கும் பொறியைப் பழுதுபார்ப்பது இம்மடலாசிரியனின் பிழைப்பாதலால், அது ஏறியிறங்கும் பன்னிரண்டு மாடி உயரக் கூண்டுக்குள் நின்று, கிணற்றுக்குள் பாடுவதுபோல் ஒருமுறை பாடிப் பார்த்ததும் உண்டு. எதிரொலி நன்றாகவே இருந்தது. ஏழாம் மாடியில் வசிக்கும் சீனப் பாட்டி ஒருவர், மின்தூக்கி அழுகிறது என்று தொலைபேசியில் புகார் செய்தமையால் அவ்வாய்வு இடையில் கைவிடப்பட்டது.

பறவையே இல்லாத ஊர் இது என்று கொள்ளலாகாது. விடியற்காலை ஐந்து மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜன்னலருகே குயில் கூவத் தொடங்குகிறது. தூக்கம் கெட்ட குடியிருப்பாளர்கள் அதன்மீது முறையீடும் செய்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட வீட்டுக்காகம் இங்கும் பரவ, காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயிலும் பின்னாளில் இங்கே பெருகியது. ஒருவன் வேலைக்கு வந்து காலூன்றிய இடத்திற்கு உறவினர் ஒருவர் பின்னாலேயே வந்து, அவன் அறையிலேயே தங்கிக்கொள்வது பறவைகளிடத்தும் உண்டு என்பது இதனால் பெறப்படும். கூவுவது ஆண்குயிலே; பாரதியின் ‘குயில் பாட்டு’ முதல் ‘முதல் மரியாதை’யின் நாயகி பெயர் வரை தமிழர் அதைப் பெண்ணாகவே கொண்டாடினாலும், இங்கே முறையீட்டுக்கு உள்ளாவது கரிய ஆண்தான். தமிழர் யாரும் முறையிடுவதாகத் தெரியவில்லை. அவர்கள் தேநீர் போடப் போய்விடுகிறார்கள்.

தீபாவளி குறித்தும் ஒரு சொல். இந்நாட்டில் 1972 முதல் பட்டாசுக்குச் சட்டப்படி தடை உள்ளமையால், சிராங்கூன் சாலை முழுதும் விளக்கொளி இருந்தும் வெடிச்சத்தம் இராது. சிவகாசிப் பக்கத்து நண்பர்கள் ‘இது தீபாவளியா, கார்த்திகை தீபமா?’ என்று அன்று முழுதும் புலம்புகையில், வேடந்தாங்கலான் ஒருவன் மட்டும் ஊரிலேயே இருப்பதுபோல் அதிரசம் தின்றுகொண்டிருப்பான். ஈரநிலங்களைக் காக்க ஈரானின் ராம்சார் நகரில் 1971இல் கையெழுத்தான உடன்படிக்கையின் பட்டியலில் 2022இல் வேடந்தாங்கலும் சேர்ந்ததை இங்குள்ளோர் இணையத்தில் பார்த்துவிட்டு, ‘உங்க ஊரும் வெளிநாட்டுக்குப் போயிருச்சே’ என்று வாழ்த்தியதையும் தமக்கையார் அறியட்டும்.

இம்மடலின் நோக்கம் ஒரு கோரிக்கை. மார்கழியில் ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்கு, அதாவது இங்கே இரவு எட்டு மணிக்கு, இரைதேடப் போன பறவைகள் ஏரிக்குத் திரும்பும் வேளையில், தமக்கையார் கைபேசியைக் கரையில் வைத்து அரைமணி நேர ஒலியைப் பதிந்து அனுப்புமாறு வேண்டப்படுகிறார். பாட்டு எதுவும் ஓடக்கூடாது. பாட்டு இங்கே நிறைய இருக்கிறது, பின்னணி மட்டுமே வேண்டும். மாமா அருகிலிருந்து எதையேனும் தட்டினால் தடுக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் கத்தினாலும் குற்றமில்லை. அவர்களை அடக்கும்பொருட்டு ‘மெதுவா, குஞ்சு பொரிச்சிருக்கு’ என்று தமக்கையார் ஒருமுறை அதட்ட நேர்ந்தால், அப்பகுதியை வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வலது காதுக்குரிய தம்பி