வானத்துக்கு ஒரு சுற்றுநிருபம்

யூன் 5, உலக சுற்றாடல் தினம். மன்னார் மாவட்டத்து முருங்கனில் சோழகம் புழுதியை அள்ளி முகத்தில் அறைகிற காலம். ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துக்கு ஏற்றிய அதே களிமண், வெடித்துப் பாளமாகக் கிடக்கிறது. வெடிப்புக்குள் கைவிட்டால் மணிக்கட்டு மறையும். அலவாங்கு போட்டால் துள்ளித் திரும்பும். இந்த மண்ணில்தான் மரநடுகை விழா.

குழியைக் கூலியாட்கள் முதல்நாளே வெட்டி வைத்தாயிற்று. பிரதம விருந்தினருக்கு மாலை விழுகிறது. கறுப்புப் பொலித்தீன் பையைக்கூடக் கிழிக்காமல் கன்று குழிக்குள் இறங்குகிறது. போத்தல் தண்ணீரில் பாதி கன்றுக்கு, மீதி ஐயாவுக்கு. படம் எடுத்தாயிற்று, வாகனங்கள் போயாயிற்று. பின்னேரம் ஆடு வந்து மிச்ச அலுவலை முடித்துவைக்கும்.

மன்னாரில் மழை என்றால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். கட்டுக்கரைக் குளத்தடியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் இது தெரியும். கன்று கொண்டுவருகிறவர்களுக்கு மட்டும் தெரியாது. மாரியை யூனுக்கு முற்படுத்துமாறு வானத்துக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்பிவிட்டால் என்ன? பிரதி, தகவலுக்காக, சோழகத்துக்கு.

காகிதத்துக்கு இங்கே எப்போது பஞ்சம் வந்தது? 1990 இல் விரட்டப்பட்ட, இதே மாவட்டத்து முசலி முஸ்லிம்கள் ஊர் திரும்பும் வேளையில், 2012 இல், மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தை ஒதுக்குக் காடாக்கி ஒரு வர்த்தமானி. 2017 இல் 40,030 ஹெக்டேயரை மாவில்லு வனமாக்கி இன்னொன்று. இதில் அன்றைய ஜனாதிபதி ஒப்பமிட்டது ரஷ்யாவில் இருந்தபடி. முசலிக் காட்டின் எல்லை மொஸ்கோவிலிருந்து பார்த்தால்தான் துலக்கமாகத் தெரியும் போலும்! 2020 இல் காற்று மறுபக்கம் அடித்தது. ஒதுக்காக அறிவிக்கப்படாத எஞ்சிய காடுகளை அபிவிருத்திக்கென்று மாவட்ட, பிரதேச செயலகங்களிடம் கொடுக்கச் சொல்லிச் சுற்றுநிருபம் வந்தது. பூட்டுகிறதும் அரசாங்கமே, திறந்துவிடுகிறதும் அரசாங்கமே. மண்ணைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ எவருக்கும் கவலையில்லை.

அருவி ஆறு 164 கிலோமீற்றர் ஓடிவந்து, தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரையை நிரப்புகிறது. அந்த வழியிலும் குளத்தின் மேற்பக்கத்திலும் நிற்கிற காடுதான் மழையின் வேகத்தை அடக்குகிறது. சருகு தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிறது. மேலே மொட்டையானால் முதல் மழையே வண்டலை வாரிக்கொண்டு வந்து குளத்தைத் தூர்க்கும். பார்வைக்குக் குளம் அதே அகலம், சிறுபோகத்துக்கு மட்டும் தண்ணீர் காணாது. உடனே தூர்வார விலைமனுக் கோருவார்கள், பெக்கோ வரும், பற்றுச்சீட்டு வரும். காடு வராது.

காட்டைப் பேணுவதற்கு விழா தேவையில்லை. பகுதி பகுதியாக முறை வைத்து வெட்டி, அடிக்கட்டைத் தளிர் மாட்டுக்கு எட்டாத உயரம் வளரும் வரை மாடு போகாமல் அடைத்து, விதைமரங்களை விட்டுவைத்தால் விறகும் கிடைக்கும், காடும் நிற்கும். இதை ஊராரோடு பேச அதிகாரிகளுக்கு நேரமில்லை. விறகுக்கட்டோடு வருகிற பெண்ணை மறித்து வழக்கெழுத மட்டும் நேரமுண்டு. ஆற்று மணல் ஏற்றிய டிப்பர் அதே வீதியால் வந்தால் சீருடையின் கண்ணில் தூசு விழுந்துவிடும்.

மகா பிரபுக்களே, அடுத்த யூனில் கன்றோடு வரவேண்டாம். ஒக்டோபரில் வெறுங்கையோடு வாருங்கள். குளத்துக்கு மேலே வேலி அடையுங்கள். ஆற்றங்கரை மருதில் கைவைக்கிறவனைப் பிடியுங்கள், அவன் உங்கள் மேடையில் இருந்தவனாக இருந்தாலும். இதற்கு மாலை விழாது. அதனால்தான் இது நடக்கவும் நடக்காது.